ஓலைக் குடிசைக்கு வந்த விருந்தாளிகள்

இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைத்தவள் கமலவேணி. ஓய்வு பெற்ற வருஷமே கணவர் இறந்துவிட்டார். சாரம் பகுதியில் இருந்த வீட்டில் அவள் மட்டும். ஒரு ஆளுக்கு உலை வைக்க அவள் கைக்குத் தெரியவில்லை. மிஞ்சிய சோற்றை மறுநாள் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டாள். இனி யாருக்காக இருக்கிறோம் என்று அடிக்கடி தோன்றும்.

மாடியில் குடியிருந்த மிரியாம் பிரான்சிலிருந்து வந்த யூதப் பெண். பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவள். அக்டோபரில் ஒருநாள் இறங்கி வந்தாள்.

"அக்கா, எங்க சுக்கோத் பண்டிகை வருது. மொட்டை மாடியில ஓலைக் குடிசை போடலாமா?"

கமலவேணி பந்தல் போடும் அம்மாவாசையை அழைத்துவந்தாள். அவர் கீற்றை நெருக்கி வேய்ந்தார். மிரியாம் அண்ணாந்து பார்த்து, "கொஞ்சம் விலக்குங்க. வானம் தெரியணும்" என்றாள்.

"இன்னாம்மா இது! ஓட்டைக் கூரை போட்டா ஊரு சிரிக்கும்" என்றார் அவர். முனகிக்கொண்டே விலக்கினார்.

"மழ வந்தா?" என்று கேட்டாள் கமலவேணி.

"நனைவோம். எங்க முன்னோர் பாலைவனத்துல இப்படிக் குடிசை போட்டுத்தான் அலைஞ்சாங்க. நிலையான வீடு இல்ல. ஆனாலும் கடவுள் பார்த்துக்கிட்டார். அதுக்கு நன்றி சொல்லி, ஏழு நாள் இதுல சந்தோஷமா சாப்பிடணும். விருந்தாளி இல்லாம சாப்பிட்டா நல்லா இருக்காது. எனக்கு இங்க யாரும் இல்ல. நீங்க வருவீங்களா?"

எனக்கும் யாருமில்லையே என்று சொல்ல வந்த கமலவேணி, "நானே சமைக்கிறேன்" என்றாள்.

யூதர்களின் உணவு முறைக்கு ஏற்ப மிரியாமின் பாத்திரங்களிலேயே சாம்பாரும் கத்திரிக்காய்ப் பொரியலும் செய்தாள். பழைய பழக்கத்தில் அளவு கூடிவிட்டது. அம்மாவாசையை அழைத்தாள். எதிர்வீட்டில் தனியாக இருந்த நாராயணசாமி ஐயாவையும், அறை எடுத்துத் தங்கி நர்ஸிங் படிக்கும் துர்காவையும் அழைத்தாள். பாதிச் சாப்பாட்டில் தூறல் விழுந்தது. இலையை மார்போடு சேர்த்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள்.

"ஊருக்குப் போனாத்தான் இப்படிச் சாப்பிடுவேன் அத்தை" என்றாள் துர்கா. இன்னொரு கரண்டி சோறு கேட்டாள்.

கமலவேணிக்குக் கண் நிறைந்தது. எத்தனையோ பிள்ளைகளுக்குப் போட்ட கை இது. ஓய்வு கொடுத்தது வேலைக்குத்தான், கைக்கு இல்லை.

ஏழு நாளும் குடிசையில் இலை போட்டார்கள். பிறகு குடிசையைப் பிரித்தார்கள். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை கமலவேணி தன் கூடத்திலேயே பாய் விரித்தாள். தெருவில் தனியாகச் சாப்பிடுகிறவர்களை வீடுவீடாகப் போய் அழைத்தாள். முதலில் தயங்கினார்கள், பிறகு அவர்களே காய்கறியோடு வந்தார்கள். புயலில் தெருவில் தண்ணீர் நின்றபோதும் அவள் அடுப்பு அணையவில்லை.

ஒரு ஞாயிறு, பந்தி முடிந்ததும் மிரியாம் அவள் கையைப் பிடித்தாள்.

"ரொம்ப நன்றி அக்கா."

"நீ எதுக்கும்மா சொல்ற? நான்தானே சொல்லணும்" என்றாள் கமலவேணி. "ஒக்காரு. நீ இன்னும் மோர் ஊத்திக்கல."