முழங்கையைப் பிடித்த கை

மாலைக்குள் ஓவியக் கண்காட்சி இணையத்தில் ஏறியாக வேண்டும். பார்வையில்லாதவர்கள் கேட்பதற்காக ஒவ்வொரு படத்துக்கும் என் கணவன் ஹரீஷ் தமிழில் வருணனை எழுதினான். பார்வையில்லாத நான் கேட்டுச் சரியென்றால்தான் ஏறும். கடைசிப் படம் எதிர்வீட்டு மிதாலி தீதி வரைந்தது. வரைந்தது என்னைத்தான் என்று முன்பே சொல்லியிருந்தாள்.

கம்ப்யூட்டர் குரல் வாசித்தது: "தலைப்பு: ராகம். வாய்திறந்து பாடும் பெண். ஒரு கை உயர்ந்திருக்கிறது. மறு முழங்கையை வேறொருவர் கை தாங்கிப் பிடித்திருக்கிறது."

எனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

"தலைப்பு எங்கேர்ந்து வந்தது?"

"தீதிதான் 'ராக்'னு சொன்னா. நீ பாடறதா கற்பனை பண்ணியிருக்கான்னு நினைச்சேன்."

"அசடே, பெங்காலியில ராக்னா கோபம்!"

கல்யாணத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து நான் வளர்ந்த கொல்கத்தாவுக்கு மாற்றல் வாங்கி வந்தவன், பாவம். சிரித்துவிட்டேன். பாதியிலேயே சிரிப்பு நின்றது. போன மாதம் டாலிகஞ்ச் மெட்ரோ படியில் கோலை ஊன்றி நான் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். ஹரீஷ் என்னை மூட்டை மாதிரி இழுத்தான். ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அன்று தீதியும் கூட வந்திருந்தாள்.

"அந்தக் கை உன்னோடதா?"



"தாங்கித்தான் பிடிச்சேன் ஹம்சினி. விழுந்துடுவியோன்னு பயம்."

"நீ நினைச்சதைக் கேக்கலை. படத்துல என்ன இருக்கு?"

"நேரமாறது. தீதி ரெண்டு தரம் போன் பண்ணிட்டா. இப்படியே போட்டுடலாமே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ எழுதற வார்த்தைதான் எனக்குப் படம். அதையும் உன் சௌகரியத்துக்கு எழுதினா நான் எங்கே போய்ப் பாக்கறது? விரல் எப்படி இருக்கு? சொல்லு!"

நாற்காலி நகர்ந்தது. திரையருகே குனிந்தான் போலும்.

"சதையில அழுந்தியிருக்கு," என்றான். "தோள் ஒரு பக்கமா இழுபட்டிருக்கு. ஹம்சினி, அன்னிக்கு வலிச்சுதா?"

"வலிச்சுது."

"யார் கைன்னு எழுதணுமா?"

"படத்துல தெரியறதா?"

"கல்யாண மோதிரம் தெரியறது."

முடிவை அவனிடமே விட்டேன். எழுதாவிட்டால் இனி அவன் சொல்லும் எந்தப் படத்தையும் நம்ப முடியாது என்று பயமாக இருந்தது. தட்டச்சுச் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. பிறகு அந்தக் குரல் வாசித்தது:

"தலைப்பு: கோபம். வாய்விட்டுக் கத்தும் பெண். அவள் முழங்கையைக் கணவன் இறுக்கிப் பிடித்து இழுக்கிறான்."

"ஏத்திடவா?" என்றான். 



"ஏத்து," என்றேன்.