பத்து நிமிடத்துக்கு எத்தனை வாட்?

1.

இந்தக் கதைக்குக் காரணம் ஓர் இட்லித் தட்டு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கதை எங்கே பிறந்தது என்று கேட்டால் மற்ற எழுத்தாளர்கள் மரணம், பிரிவு, ஒரு பழைய புகைப்படம் என்று கௌரவமாக எதையாவது சொல்வார்கள். எனக்கு வந்த பார்சலை, வீட்டில் ஆளில்லை என்று, கூரியர்காரர் கடைத்தெருவில் மின்சிகரெட் விற்கும் வேப் கடையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வட இங்கிலாந்தில் இந்த பர்ன்லி ஊரில் பாதிப் பார்சல்கள் அங்கேதான் போய்ச் சேரும். எனக்குப் புகைக்கிற பழக்கம் கிடையாது. தட்டை வாங்கத்தான் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் ஒரு பெண்மணி. அறுபதைத் தாண்டியவர். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக நின்ற மின்சிகரெட்டுகளை, மீன் வாங்குகிறவர் செவுளைப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் கண்ணு, இதுல எது முடியறதுக்குப் பத்து நிமிஷம் ஆகும்?"

"முடியறதா?" என்றாள் கடைக்காரப் பெண். ஊதா நகம், முப்பது வயது இருக்கும். (இந்த ஊரில் வயது பார்க்காமல் எல்லோருக்கும் எல்லோரும் கண்ணுதான்.) "இது என்ன சிகரெட்டா கண்ணு, முடிஞ்சு போறதுக்கு? நீங்களா நிறுத்தினாத்தான் உண்டு."

அந்தப் பெண்மணியின் முகம் விழுந்துவிட்டது. நான் பார்த்தது அவ்வளவுதான். தட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனி வருவதெல்லாம் நான் துணிந்து புளுகியது. (அவருடைய முகம் விழுந்தது மட்டும் நிஜம். அதைப் பொய்யாக்கவும் பார்த்தேன், முடியவில்லை.)

2.

பெயர் வைத்தாயிற்று: க்ளெண்டா ஹோல்டன். கடைக்காரப் பெண் கிர்ஸ்டி. இப்போது முதல் வரி வேண்டும்.

"க்ளெண்டா இதுவரை புகைத்த சிகரெட்டுகளையெல்லாம் நீளமாக அடுக்கினால்—" (வேண்டாம். அடுக்கிப் பார்த்துப் பயமுறுத்துகிற வேலையை ஆஸ்பத்திரிச் சுவரொட்டிகள் செய்கின்றன.)

"புகை என்பது மனிதன் காற்றில் எழுதுகிற—" (கை கூசியது.)

"எண்பது வாட் வேப் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு க்ளெண்டா பிங்கோ ஆடப் போனாள்." (இது தேவலை. ஆனால் எண்பது வாட் என்றால் அதிகமா, கம்மியா, அதிகம் என்றால் நல்லதா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும்.)

ஆகவே வாட் புராணம். இந்த ஊரில் மூவாயிரம் வாட் கெட்டில் வைத்திருப்பவர் அதைப் பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைப் போலப் புகழ்வார். தேநீர்த் தண்ணீர் சட்டென்று கொதிக்கிறது, அதனால் நல்ல கெட்டில். அதே கணக்கை வேப்புக்கும் போட்டுவிடுகிறார்கள். சறுக்கல் அங்கேதான். வேப்புக்குள் ஒரு சின்னக் கம்பிச்சுருளும் பஞ்சும் இருக்கின்றன. சுருள் சூடாகித் திரவத்தை ஆவியாக்குகிறது. வாட்டைக் கூட்டினால் ஆவி கூடும், திரவமும் பேட்டரியும் சீக்கிரம் தீரும். சுருள் தாங்காத அளவுக்குக் கூட்டினால் பஞ்சு கருகித் தொண்டையைக் காந்தும். மற்றபடி கூடுதல் வாட் என்றால் கூடுதல் நன்மை என்று எதுவுமில்லை. சின்னக் கருவியில் வருவது கொஞ்சம் ஆவி, அதனால் அதில் ஊற்றும் திரவத்தில் நிகோடின் தூக்கலாக இருக்கும். பெரிய கருவி மேகத்தையே கக்கும், அதனால் அதற்கான திரவத்தில் நிகோடினைக் குறைத்துப் போட்டிருப்பார்கள். இதை அதற்கும் அதை இதற்கும் மாற்றி ஊற்றினால் என்ன ஆகும் என்பது ஐந்தாம் பகுதியில் வருகிறது. வாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள மட்டும் ஏறியவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

3.

இன்னும் இருக்கிறீர்களா? சந்தோஷம்.

க்ளெண்டாவுக்கு எதற்குப் பத்து நிமிடம்? இது தெரியாமல் கதை பல நாள் நகரவில்லை. அவளை நான் நம்பவும் இல்லை. புகையை விட வந்தவள், நீளமாகப் புகைக்க ஏன் வழி கேட்கிறாள்? பிறகுதான் எங்கள் தெருக் கோடியில் இருக்கும் கிளப் நினைவுக்கு வந்தது. வியாழக்கிழமை அங்கே பிங்கோ, ஒலிபெருக்கி எண்ணைக் கூப்பிடக் கூப்பிடக் கையிலுள்ள சீட்டில் அடித்துக்கொண்டே போகிற ஆட்டம். முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பத்து நிமிட இடைவேளை. உள்ளே மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பணியாரமும் மசித்த பட்டாணியும் பரிமாறுவார்கள். புகைப்பவர்கள் மட்டும் பின்முற்றத்தில், பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே நடுங்கிக்கொண்டு நிற்பார்கள்.

அந்தக் கூரைக்குக் கீழே நெவிலைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புகையிலையைத் தாளில் வைத்துத் தானே சுருட்டிப் புகைப்பவர். க்ளெண்டாவின் கணவர் இறந்து வருடங்கள் ஆகின்றன. இவர்கள் இருவரும் வாராவாரம் அந்தப் பத்து நிமிடம் பேசுவார்கள். மழை, முழங்கால், யார் யாரோடு ஓடிப்போனார்கள், எல்லாம் பேசுவார்கள். சிகரெட் முடிந்ததும் உள்ளே போவார்கள். உள்ளே ஒரு வார்த்தை கிடையாது. அவர் பலகையில் குட்டி அம்பு எறிந்து ஆடுகிறவர்களின் மேசையில், அவள் நாத்தனார் ஐரீனின் மேசையில்.

(உள்ளேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டியதுதானே என்று கேட்கிறவர் இந்த ஊர் கிளப்பில் பிங்கோ ஆடியதில்லை என்று தெரிகிறது. அவரவர் நாற்காலி அவரவர் சொத்து. மேசை மாறி உட்கார்ந்தால் ஊர் அதை நிச்சயதார்த்தமாகவே எடுத்துக்கொள்ளும்.)

இந்த நிலையில்தான் நர்ஸ் க்ளெண்டாவை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். ஊதியதைப் பார்த்துவிட்டு, சிகரெட்டை விட்டே ஆகவேண்டும் என்றார். விட்டால் மூச்சு மிஞ்சும், நெவில் போய்விடுவார். க்ளெண்டாவின் கஷ்டம் இதுதான், இதற்கு மேல் இதில் ரகசியம் எதுவும் இல்லை.

4.

கிர்ஸ்டி முதலில் கொடுத்தது சின்னக் கருவி, பேனா அளவு. நாள் முழுக்கச் சிகரெட் பிடித்தவருக்கு அதுதான் சரி. கூடவே தூக்கலான திரவம், சின்ன பாட்டிலில். அது நன்றாகவே வேலை செய்தது. அதுதான் வினை. அந்த வியாழன் ஆட்டத்தின் நடுவில் பெண்கள் கழிப்பறைக்குப் போய் இரண்டு இழுப்பு இழுத்தாள், ஆசை அடங்கிவிட்டது. இடைவேளையில் வெளியே போக ஒரு சாக்கும் இல்லை. பணியாரத்தைத் தின்றபடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நெவில் தனியாக நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாணித் தட்டைத் தள்ளிவைத்தாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் போய்விட்டாள். பத்து நிமிடக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். முகம் விழுந்தது வரை உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு:

"சரி, அந்தக் குண்டா இருக்கிறது என்ன?"

"அதுவா? எண்பது வாட்டு. பசங்க மேகம் விட்டுப் போட்டி போடுவாங்களே, அதுக்கு. உங்களுக்கு வேணாம் கண்ணு."

"வாட்டு கூட இருந்தா நல்லதுதானே?"

"கெட்டில்னா நல்லது. இது உங்க தொண்டை."

"இத கிளப்புக்குள்ள உக்காந்து இழுத்தா திட்டுவாங்களா?"

"திட்டறதா? எதிர்ல இருக்கிற ஆளே தெரியாது. கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுவாங்க."

"அப்ப அதையே குடு."

கிர்ஸ்டி நிமிர்ந்து பார்த்தாள். "வெளிய தள்ளுவாங்கன்னு சொன்னதுக்கா வாங்கறீங்க?"

"காசு குடுக்கிறது நான்தானே? பேசாம கட்டு."

கிர்ஸ்டி நிகோடின் குறைந்த திரவத்தைக் கட்டிக்கொடுத்தாள். பழைய பாட்டிலை இதில் ஊற்றிவிடாதீர்கள் என்று சொல்லியும் அனுப்பினாள். க்ளெண்டா தலையை ஆட்டினாள். காதில் விழுந்ததா என்பது எனக்கே தெரியாது.

5.

வியாழன். முற்றம்.

"போன வாரம் ஆளக் காணோம்?" என்றார் நெவில். "பட்டாணி தீந்துடும்னு உள்ளயே உக்காந்துட்டியா?"

"சிகரெட்ட விட்டுட்டேன். இது வேப்பு."

"இதுவா? பஸ்ஸு ஸ்டார்ட்டர் மோட்டார்னுல்ல நெனச்சேன்."

"எண்பது வாட்டு."

"எங்க வீட்டு மாடிப்படி பல்பே அவ்வளவு கெடயாது."

க்ளெண்டா பெருமையோடு ஒரு இழுப்பு இழுத்தாள். சிகரெட்டை இழுக்கிற பழக்கத்தில், நெஞ்சுக்குள் ஆழமாக. அடுத்த கணம் நெவில் மறைந்தார், கூரை மறைந்தது, பர்ன்லியே மறைந்தது. மேகத்துக்குள்ளிருந்து இருமல் மட்டும் கேட்டது. தலை சுற்றி, கால் தள்ளாடி, எதையோ பிடித்துக்கொண்டாள். அது நெவிலின் கை.

"உக்காரு. இந்தப் பெட்டி மேல உக்காரு. மெதுவா மூச்ச விடு. என்னத்த ஊத்தித் தொலைச்ச இதுக்குள்ள?"

"சின்ன பாட்டில்ல... மிச்சம் இருந்துது. வீணாப் போகுதேன்னு..."

"நீ நம்ம லங்காஷயர்ல பொறந்தவளா, இல்ல மலைக்கு அந்தப் பக்கமா? யார்க்ஷயர்க்காரங்கதான் இப்படி மிச்சம் பிடிச்சே சாவாங்க."

சிரிக்கப் போய் இன்னும் இருமினாள். உள்ளே மணி அடித்தது. இரண்டாவது ஆட்டத்தின் முதல் எண்ணை ஒலிபெருக்கி கூப்பிட்டது.

"நீ போ நெவில். உன் சீட்டு வீணாப் போகும்."

"வீணாப் போகட்டும்."

(இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவைத்தேன். அந்த ஆள் இப்படிப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த எண் "இருபத்—" என்று தொடங்கிய வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். அவர்கள் இருவருமே அதைக் கேட்கவில்லை.)

6.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாரம் ஒருமுறை மயங்கி விழுந்து காதல் செய்ய முடியுமா? முடிவு வேண்டும். எழுதிப் பார்த்தவை:

நெவில் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: "நானும் விட்டு ரொம்ப நாளாச்சு க்ளெண்டா. உன்னோட நிக்கறதுக்காகத்தான் சும்மா சுருட்டிக் கையில வெச்சிருந்தேன்." நீங்கள் இதை மூன்றாம் பகுதியிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள், இல்லையா? உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சர்க்கரை அதிகம். தவிர, அவர் விரலெல்லாம் மஞ்சள் கறை.

அல்லது நெவிலும் எண்பது வாட் ஒன்றை வாங்கி வருகிறார். இருவரும் முற்றத்தில் மேகம் மேகமாக விட்டு, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல், "எங்க இருக்க?" "இங்கதான் இருக்கேன்" என்று பத்து நிமிடமும் தேடுகிறார்கள். தீப்பிடித்துவிட்டது என்று யாரோ தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுகிறார். (இதை எழுதும்போது நான் மட்டும் நன்றாகச் சிரித்தேன்.)

அல்லது க்ளெண்டா எல்லாவற்றையும் விட்டுவிடுகிறாள். உள்ளேயே உட்காருகிறாள். நெவில் வெளியே நிற்கிறார். நிஜத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான். அவளுடைய மூச்சு சீரானது, நர்ஸ் பாராட்டினார், இருவரும் தனித்தனியே சௌக்கியமாக இருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

7.

கடைசியில் சமரசமாக, நாற்பது வாட் ஒன்றை வாங்கவைக்கலாம் என்று க்ளெண்டாவை மறுபடியும் கடைவாசல் வரை எழுதிக்கொண்டு போனேன். அங்கே நின்றுவிட்டாள். உள்ளே நுழையாமல் திரும்பி என்னைப் பார்த்தாள். (கதாபாத்திரம் எழுத்தாளரோடு பேசுவது பழைய வித்தை என்று எனக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதே.)

"உங்களுக்கு வேற வேலயே இல்லியா? சின்னது வாங்க வெச்சீங்க, உள்ளயே கெடந்தேன். பெரிசு வாங்க வெச்சீங்க, செத்துப் பொழச்சேன். இப்ப நடுவாந்தரமா ஒண்ணா?"

"பத்து நிமிஷம் வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

"நிமிஷம்தானே கேட்டேன். மெஷினா கேட்டேன்? காலையில காப்பிக்கு அப்புறம் ரெண்டு இழுப்புக்கு அந்தச் சின்னதே எனக்குப் போதும். வியாழக்கிழமைக்கு எத்தன வாட்டு வேணும்னு அந்தப் பொண்ணு கிட்ட கேட்டா அவ என்ன சொல்லுவா, பாவம்? கையில ஒண்ணும் இல்லாம வெளிய போகக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? கிளப்பா, நீங்களா?"

கிளப் போடவில்லை. நானும் போட்டதாக நினைவில்லை. அவளே தனக்குப் போட்டுக்கொண்டதாகத்தான் இருக்க வேண்டும். அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தேவையும் இருக்கவில்லை. சொல்லி முடித்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

ஆகவே கடைக்குள் போகவில்லை. நேராக வியாழக்கிழமைக்கு வந்துவிட்டோம். முதல் ஆட்டம் முடிகிறது. தட்டுகள் வருகின்றன. க்ளெண்டா எழுந்திருக்கிறாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்கிறாள் ஐரீன். "அதான் சிகரெட்ட விட்டுட்டேன்னியே?"

"ஆமா, விட்டுட்டேன்."

கைப்பையையும் எடுக்கவில்லை. இரண்டு வெறுங்கையோடு, ஒவ்வொரு மேசையாகக் கடந்து போகிறாள். முள்கரண்டிகள் பாதி வழியில் நிற்கின்றன. ஊர் பேச ஆரம்பித்துவிட்டது, எனக்கே கேட்கிறது. பின்கதவைத் தள்ளுகிறாள். கூரைக்குக் கீழே தாளை நக்கி ஒட்டிக்கொண்டிருந்த நெவில் நிமிர்கிறார். அவளுடைய வலது கையைப் பார்க்கிறார், இடது கையைப் பார்க்கிறார்.

"சிகரெட்டயும் காணோம், அந்த மோட்டாரையும் காணோம். பின்ன எதுக்கு வெளிய வந்த?"

அடுத்த வரி க்ளெண்டாவுடையது. நான் எழுதிக் கொடுத்த எதையும் சொல்ல மாட்டேன் என்கிறாள். அதனால் அதை உங்களிடம் விடுகிறேன். நன்றாக யோசித்து எழுதுங்கள், ஆனால் ரொம்பவும் யோசிக்காதீர்கள். வெளியே ஜனவரி மாதக் குளிர். அவள் கோட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.