கடைசி விலாவில் பட்ட அம்பு

பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்த வரைக்கும் என் கணவன் ஓர்லின் போல ஒரு நல்ல மனிதன் இந்த விஸ்கான்சின் மாநிலத்திலேயே கிடையாது. இருட்டோடு கிளம்புவான், வந்து சாப்பிடுவான், நாற்காலியிலேயே தூங்கிப்போவான். நான் இலையுதிர்காலம் முழுக்க வில்லைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்காட்டில் பரண் ஏறி உட்கார்ந்திருப்பேன். அவன் லாரி அவனுக்கு, என் காடு எனக்கு. இந்த ஆகஸ்டில் அவன் ஓய்வு பெற்றான். பிடித்தது சனி.

முதல் வாரம் போனில் மான்வேட்டை வீடியோ பார்த்தான். அடுத்த வாரம் எனக்கே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டான். தாடி வைத்த பையன்கள் நாலு பேர் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்து, காலைக் காபியோடு எனக்கு ஒப்பிப்பான். நான் வில்லெடுத்த காலத்தில் அந்தப் பையன்கள் தொட்டிலில் கிடந்திருப்பார்கள்.

மற்ற வருஷமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இந்த வருஷம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வலது தோள் போய்விட்டது. டிசம்பரில் அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு நாணை இழுக்கவே கூடாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். குறுக்குவில் வாங்கிக்கொள்ளலாமே, விசையைத் தட்டினால் போதுமே என்றார். அது துப்பாக்கிக்குத் தம்பி, எனக்கு வேண்டாம். என் கையால் இழுத்து, என் கையால் விட்டு, கடைசியாக ஒரு கடாமான். நான் கேட்டது அவ்வளவுதான். அதற்காக வில்லின் இறுக்கத்தைச் சட்டம் விடுகிற மட்டும் தளர்த்தி வைத்திருந்தேன்.

செப்டம்பரில் சீசன் திறந்தது. மான் இப்போது தீனிக்குத்தான் வரும், சோயா வயல் ஓரத்தில் உட்கார், இலை மஞ்சளானதும் ஓக் மரத்தடிக்கு மாறிக்கொள் என்றான் ஓர்லின். அந்த ஓக் மரத்தில் பரண் கட்டியதே நான். காற்று உன் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடித்தால் உன் வாசனை மானுக்குப் போய்விடும் என்றான். சரிப்பா என்றேன். துணியை வாசனையில்லாத சோப்பில் துவைத்து, காய்ந்த இலையோடு டப்பாவில் போட்டு மூடி வை என்றான். அதுவும் நான் எப்போதும் செய்வதுதான். வெள்ளிக்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவனே டப்பாவைத் திறந்து, இலை போதுமா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று என் சட்டையை எடுத்து நாற்காலியில் மாட்டிவிட்டு, பக்கத்திலேயே நின்று மீன் வறுத்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் என்னை மோப்பம் பிடித்த மான் எலுமிச்சம்பழத்தோடு வந்திருந்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் ஒன்றும் வரவில்லை.

அக்டோபர் நடுவில் மான்கள் அடங்கிவிடும். அந்தச் சமயத்தில் காட்டைத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும். இதையும் அவன்தான் எனக்குச் சொன்னான். சொல்லிவிட்டு அவனே தினமும் மத்தியானம் டீசல் நாறும் லாரி பூட்ஸைப் போட்டுக்கொண்டு, மரத்தில் கட்டியிருந்த கேமராவில் படம் பார்க்கப் போனான். பகலில் வந்துகொண்டிருந்த பெரிய கடா இரண்டே வாரத்தில் இரவுக்கு மாறிவிட்டது. அதோடு விட்டானா? கடாவை இழுக்கும் என்று பெட்டைமான் மூத்திரம் ஒரு புட்டி வாங்கி வந்து, அதைக் கைதவறி வண்டியின் முன்சீட்டில் கொட்டிவிட்டான். மாதாகோவிலுக்கு அந்த வண்டியில்தான் போய் இறங்கினோம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

அன்றைக்குச் சொல்லிவிட்டேன்: "ஓர்லின், நீ இனிமே காட்டுப் பக்கம் வராத. கையெடுத்துக் கும்பிடுறேன்."

"உனக்கு ஒத்தாசையா இருக்கலாம்னுதான்..." என்றான்.

"ஒத்தாசை வேணும்னா நானே கேக்குறேன்."

அவன் முகம் தொங்கிப்போனது. பார்த்தேன். பார்த்துவிட்டு அம்பு தீட்டப் போனேன்.

நவம்பர் பிறந்ததும் காடு வேறாகிவிடும். கடாக்களுக்குப் புத்தி கெட்டுப்போய், பெட்டைகளின் பின்னால் பட்டப்பகலில் ஓடிக்கொண்டிருக்கும். இரவு மானெல்லாம் பகல் மானாகிவிடும். அந்த வாரம் பரணைவிட்டு இறங்கவே கூடாது. நான் இறங்கவும் இல்லை. உறைபனி விழுந்த ஒரு காலையில் ஒரு பெட்டை என் ஓக் மரத்தடியில் ஓடி வந்தது. பின்னாலேயே அந்தக் கடா, மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு.

நாணை இழுத்தேன். தோளில் கத்தியைச் செருகினாற்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கடாவை நிறுத்துவதற்காக ஆட்டுக்குட்டிபோல வாயால் ஒரு சத்தம் கொடுத்தேன். நின்றது. குறி நெஞ்சில்தான் இருந்தது. விடுகிற நொடியில் தோள் உதறிவிட்டது. அம்பு கடைசி விலாப் பக்கம் போய்ப் பட்டதைக் கண்ணால் பார்த்தேன். கடா துள்ளி ஓடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, மெதுவாக நடந்து புதருக்குள் போனது.

இறங்கி, மானை ஊடுருவிப் போய் மறுபக்கம் விழுந்திருந்த அம்பை எடுத்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பு ரத்தம். கொஞ்சம் குடல் நாற்றம். ஈரலில் பட்டிருக்கலாம், குடலிலும் பட்டிருக்கலாம். இப்படிப் பட்ட மானை உடனே தேடிப் போகக் கூடாது. சும்மா விட்டால் பக்கத்திலேயே படுத்து அங்கேயே செத்துவிடும். தேடிப் போய் எழுப்பிவிட்டால், உயிரைப் பிடித்துக்கொண்டு எங்கோ ஓடிவிடும். அது படும் வேதனையும் நீளும், நமக்கும் கிடைக்காது. மணிக்கணக்கில் காத்திருப்பதுதான் வில்வேட்டையிலேயே கஷ்டமான காரியம். ஆனால் அந்திக்கு மழை என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். மழை வந்தால் ரத்தச் சுவடு போய்விடும். ரொம்பக் காத்திருந்தாலும் போச்சு, காத்திருக்காவிட்டாலும் போச்சு.

மத்தியானம் தாண்டிப் போவது என்று முடிவுசெய்து, சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்தேன். ஓர்லினை உட்காரவைத்துச் சொன்னேன்: "நான் சொல்ற வரைக்கும் அந்தத் திசைப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காத. புரிஞ்சுதா?" தலையாட்டினான். நான் தோள்வலிக்கு மாத்திரை போட்டேன். அந்தப் பாழாய்ப்போன மாத்திரை என்னைத் தூக்கிப் படுக்கப்போட்டுவிட்டது.

கதவுச் சத்தத்தில் விழித்தேன். ஓர்லின் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தான். முழங்கால் வரை சேறு. அவன் வாயைத் திறக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மேகம் இருட்டிட்டு வந்துச்சு ஆர்டிஸ். நீ வேற வலியில அசந்து தூங்குற. சுவடு அழிஞ்சுரும்னு நான் மட்டும் மெதுவா போய்ப் பாத்தேன்," என்றான். "ஆல்டர் புதர்லேருந்து எந்திரிச்சு... சதுப்புப் பக்கம் ஓடிருச்சு."

அதற்குப் பிறகு நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியது இதுதான்: "எனக்கு இருந்தது ஒரே ஒரு சீசன். அதையும் நாசம் பண்ணிட்டியே. இதுக்கு நீ லாரியிலயே கெடந்திருக்கலாம்." அவன் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் விடவில்லை. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முழுவதையும் நின்றபடியே வாங்கிக்கொண்டான்.

ஓடினேன். அம்பு கிடந்த இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் போயிருந்தது. ஆல்டர் புதர் ஓரத்தோடு நின்றுவிட்டது. இப்படிப்பட்ட காயத்தில் ரத்தம் உள்ளேயே தங்கிவிடும், வெளியே அதிகம் வராது. கடைசிச் சொட்டுக்குப் பக்கத்துக் கிளையில் அடையாளமாக ஒரு துணியைக் கட்டிவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றி, விழுந்த மரம் ஒவ்வொன்றின் கீழும் குனிந்து பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நானே வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அன்று நான் அதைச் செய்யவில்லை. எதற்குச் செய்ய வேண்டும்? மான்தான் எழுந்து சதுப்புக்குப் போய்விட்டதே, என் புருஷன் கண்ணாலேயே பார்த்துவிட்டானே. நேராகச் சதுப்பில் இறங்கினேன். நாணல் தலைக்குமேல் நின்றது. கொஞ்ச நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் இடுப்பளவு ரப்பர் கால்சட்டையில் சதுப்பைக் கலக்கினேன். மோப்ப நாய் வைத்திருக்கிற ஒருவரைக் கூப்பிட்டேன். அவருக்கு அந்த வாரம் முழுக்க வேறு மான்கள். ஓர்லின் தள்ளியே நின்று, தன் பங்குக்கு நாணலை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை நான் பேசவில்லை. எங்கோ ஒரு மேட்டில் அந்த மான் கிடந்து இழுத்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பே என்னைத் தின்றது. மூன்றாம் நாள் கரையேறினேன்.

எங்கள் ஊர் வில்வேட்டைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. உன் அம்பு ரத்தம் பார்த்துவிட்டால், மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதுதான் அந்த வருஷத்து உன் மான். அதற்கு மேல் பரண் ஏறக் கூடாது. சட்டத்தில் இது இல்லை, வனக்காவலர் வந்து கேட்கப்போவதும் இல்லை. ஆனாலும் நான் வில்லைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஜன்னலுக்கு வெளியே சோயா வயலில் கடாக்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. துப்பாக்கிச் சீசன் வர இன்னும் நாள் கிடந்தது; அதுவரை காடு வில்காரர்களுக்குத்தான்.

ஓர்லினுக்கு இது தாங்கவில்லை. "மான் அடிக்கிற லைசென்ஸ் சீட்டு இன்னும் உங்கிட்டதான இருக்கு? இன்னும் ஒரு தரம் ஏறிப்பாரேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்," என்றேன். அந்த வாரத்தில் நான் அவனிடம் பேசியது அது ஒன்றுதான். சாப்பாட்டை எடுத்து வைப்பேன், எழுந்து போய்விடுவேன்.

அவன் தேடுவதை விடவில்லை. ஒவ்வொரு காலையும் அந்த லாரி பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். இனிமேல் கிடைத்தாலும் இறைச்சி எதற்கும் ஆகாது என்று அவனுக்கும் தெரியும். போகட்டும், நன்றாக அலையட்டும் என்று இருந்தேன். உண்மையைச் சொன்னால், அவன் அலைவதைப் பார்க்க எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

ஒரு நாள் சீக்கிரமே திரும்பி வந்தான். வீடியோ, அறிவுரை ஒன்றும் இல்லை. "வந்து பாரு," என்றான். காக்கைகள் காட்டிக்கொடுத்தனவாம்.

சதுப்புக்குக் கூட்டிப்போவான் என்று நினைத்தேன். எதிர்ப்பக்கம் திரும்பினான். ரத்தம் நின்ற புதர் ஓரத்திலிருந்து ஒரு கல்லெறி தூரம்கூட இருக்காது. புயலில் சாய்ந்த ஒரு பாப்லர் மரம், அதன் மறுபக்கம் என் கடா. பின்பாதியை நரிகள் தின்றுவிட்டிருந்தன. முன்கால்கள் தூங்குகிற மாடுபோல மடங்கி இருந்தன. கடைசி விலாவில் அம்பு போன துளை அப்படியே தெரிந்தது. ஈரல். விழுந்து வெகுநேரம் தவித்திருக்காது. கொம்பைப் பிடித்து உடம்பைப் புரட்டினேன். சுற்றிலும் இலைகள் ஊறிக் கறுத்துக் கிடந்தன. உடம்புக்கு அடியில் இருந்தவை மட்டும் மழை படாமல் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தன.

மழைக்கு முன்பே படுத்த மான். படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. ஓர்லின் காட்டுக்குள் போனபோது அது செத்துக் கிடந்திருக்கிறது. அன்று சாயங்காலம் நான் இந்த மரத்தைச் சுற்றி வந்திருந்தால், மழைக்கு முன்பே தோலுரித்திருக்கலாம்.

நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். "நீ எழுப்பிவிட்ட மானுக்குக் கொம்பு இருந்துச்சா?"

யோசித்தான். "கொம்பு பாத்த ஞாபகம் இல்ல. வெள்ளை வால்தான் தெரிஞ்சுது. கொஞ்சம் சின்னதாத்தான் இருந்துச்சு."

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீ கேக்கலியே ஆர்டிஸ்."

கேட்கவில்லைதான். வேட்டைக்கு வந்த முதல் நாளே எவனும் கேட்கிற கேள்வி அது. நான் கத்திக்கொண்டிருந்ததில் அந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. இனி யார்மேல் எரிந்துவிழுவது என்று தெரியாமல் நின்றேன். நல்ல இறைச்சி நரிக்குப் போனது, என் கடைசிச் சீசன் சதுப்பில் போனது. ஆத்திரம் மட்டும் அப்படியே மிச்சம் இருந்தது.

ஓர்லின் அந்தக் காய்ந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். விஷயம் அவனுக்கு மெதுவாகத்தான் எட்டியது. தொப்பியைக் கழற்றினான்.

"அப்போ... நான் கெடுக்கல," என்றான். "இல்ல?"

அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான், அந்த வாரம் முழுக்க அவன் எதைச் சுமந்துகொண்டு நடந்தான் என்று எனக்கு உறைத்தது. அறுபது கடந்த மனிதன், கண் கலங்கி, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்ல ஓர்லின். நீ கெடுக்கல," என்றேன்.

யார் கெடுத்தது என்று அவன் கேட்கவில்லை. சாய்ந்த மரத்தின்மேல் உட்கார்ந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நானும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நான்தான்," என்று சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது.