முதலில் வாசித்த பெயர்

ரோமாபுரியில் சால்வியுஸைவிடப் பெரிய தொண்டை யாருக்கும் கிடையாது. அவன் சாதாரணமாகப் பேசினாலே ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும். வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாத மனிதன் என்று அவன் மனைவி வெத்தியா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தத் தொண்டைக்கு வருடத்தில் ஒரு நாள் தனி மரியாதை உண்டு. போருக்கு ஆள் எடுக்கும் நாளில், அந்த வருடத்துக்கு ஊரை ஆளும் கான்சல் மேடையில் உட்கார்ந்து பெயர் வாசிப்பார். முதல் பெயர் மங்கலமாக இருக்க வேண்டும். அந்தப் பெயரைக் கூப்பிட்டவுடன் பதிலும் வர வேண்டும். இல்லையென்றால் அந்தப் படை உருப்படாது. சால்வியுஸ் என்றால் நலமாக மீண்டவன். மண் கொத்திப் பிழைப்பவன்தான், ஆனாலும் எட்டு வருடமாக அவன் பெயர்தான் முதலில் வந்தது. "இருக்கேன்" என்று அவன் போடும் சத்தத்தில்தான் ரோமாபுரியின் படையே பிறக்கிறது என்று அவனுக்கு நினைப்பு. கொஞ்சம் தலைக்கனம்தான்.

போன வருடம் அந்தத் தலைக்கனத்தை இறக்கி வைத்தார்கள். அவன் மலைக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து நிலத்துக்காரர் கமேரியுஸ் எல்லைக்கல்லைப் பெயர்த்துத் தள்ளி நட்டுவிட்டார். எல்லைக்கல் எங்களுக்குச் சாமி. வருடா வருடம் அதற்கு மாலை போட்டுப் படையல் வைக்கிறோம். பெரிய குடும்பத்து மனிதருக்குச் சாமியாவது கல்லாவது. கிணறும் அத்திமரமும் பாதி நிலமும் அவர் பக்கம் போய்விட்டன.

சால்வியுஸ் வழக்காட நகரத்துக்கு நடந்தான். நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு வழக்கு பேசுற நாள் இல்லப்பா."

"எது பேசுற நாளுங்க? சொன்னீங்கன்னா அன்னைக்கு வந்துடுறேன்."

"எங்களுக்குத் தெரியும்."

அவ்வளவுதான். எந்த நாளில் வழக்குப் பேசலாம், எந்தக் குற்றத்துக்கு என்ன சட்டம் என்பதெல்லாம் பெரிய வீட்டுப் பூசாரிகளின் தலைக்குள் பூட்டிக் கிடந்தது. அவன் நான்கு தடவை நடந்தான். ஐந்தாம் தடவை போனபோது, பேசுகிற நாள் நேற்றே வந்து போய்விட்டது, நீ வராததால் வழக்கு தள்ளுபடி என்றார்கள். அன்று திரும்பி வரும் வழியெல்லாம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட வந்த மச்சான் பயந்தே போனான்.

இப்படி ஒரு கதை இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. அதனால் சாமானிய மக்கள் தங்களுக்கென்று தேர்ந்தெடுத்த காவலர் துரானியுஸ், சட்டத்தையும் நாட்களையும் எழுதிச் சந்தைத் திடல் சுவரில் மாட்டுங்கள் என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர்கள் பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மக்கள் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள்: சுவரில் எழுத்து ஏறும்வரை படைக்குப் பெயர் வாசித்தால் யாரும் பதில் சொல்லக் கூடாது.

மலைக்காரர்கள் மறுபடி சண்டைக்கு இறங்கினார்கள். நாளைக்கு ஆள் எடுப்பு என்று கோட்டையில் செங்கொடி ஏறிய அன்று மத்தியானம், கமேரியுஸின் காரியக்காரன் பூசியோ ஒரு கூடை அத்திப்பழத்தோடு சால்வியுஸ் வீட்டுக்கு வந்தான்.

"எடுத்துக்கம்மா. உங்க மரத்துப் பழந்தான்" என்றான் வெத்தியாவிடம்.

"என் மரத்துப் பழத்தை எனக்கே தானம் பண்ண வந்தியாக்கும். ரொம்பத் தாராளம்."

பூசியோ அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சால்வியுஸ் பக்கம் திரும்பினான். "அண்ணே, சுத்தி வளைக்கல. நாளைக்கு உன் பேரைத்தான் முதல்ல வாசிப்பாங்க. நீ எப்பவும் போல 'இருக்கேன்'னு ஒரு சத்தம் குடு. சாயங்காலமே கல்லு பழைய இடத்துக்கு வந்துடும். கிணறு, மரம், நிலம் எல்லாம் உனக்கு. எங்க ஐயா சாமி மேல சத்தியம் பண்ணிருக்காரு."

"எந்தச் சாமி மேல? பிடுங்கி நட்டாரே, அந்தச் சாமி மேலயா?" என்றாள் வெத்தியா.

"நீ சத்தம் போட்டா மத்தவனுங்க தானா போடுவானுங்க. போடலைன்னா நிலத்தை மறந்துடு. அவ்வளவுதான் சேதி." பூசியோ கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

சால்வியுஸ் ஒரு பழத்தைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தான். அது அவன் அப்பா நட்ட மரம். ஒரே ஒரு வார்த்தை. ஆசை வந்தது, வராமல் இருக்குமா.

"என்னய்யா யோசனை?" என்றாள் வெத்தியா.

"நிலம் வந்துடும்டி."

"வரும். அடுத்த சண்டைக்கு நீ போனதும் கல்லு மறுபடி நடக்கும். அப்பவும் வழக்காடப் போவ. அப்பவும் நாள் இல்லைம்பான்." அவள் கூடையைத் தூக்கிப் பன்றிக்குக் கொட்டினாள். அவன் கையிலிருந்த பழத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை திடல் நிரம்பி வழிந்தது. கான்சலுக்குப் பின்னால் கமேரியுஸ் வெள்ளை உடையில் உட்கார்ந்திருந்தார். கட்டியம் கூறுபவன் அமைதி என்றான். கான்சல் ஓலை போன்ற மெல்லிய பலகையைப் பார்த்து வாசித்தார்.

"சால்வியுஸ்."

எட்டு வருடப் பழக்கம் தொண்டைக்குள் எழுந்து வந்து பல்லில் முட்டியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"சால்வியுஸ்."

பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். அவன் முதல் வரிசையில், எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றான். ஒளிந்து நிற்பதற்கு அவன் வரவில்லை.

மூன்றாவது தடவையும் பெயர் விழுந்தது. அவன் கடித்த பல்லை விடவில்லை. மேடையில் இருந்த பூசாரி எழுந்து, சகுனம் கெட்டது என்று முணுமுணுத்தபடி துண்டால் தலையை மூடிக்கொண்டார். கான்சலின் முகம் சிவந்தது. அவர் கையசைத்ததும் பிரம்புக்கட்டு ஏந்திய சேவகர்கள் இரண்டு பேர் அடிப்பதற்கு இறங்கி வந்து சால்வியுஸின் சட்டையைப் பிடித்துக் கிழித்தார்கள். முதுகு வெயிலில் தெரிந்தது. முதுகில் ஒரு காயமும் இல்லை. இருந்த தழும்பெல்லாம் நெஞ்சில்தான்.

துரானியுஸ் ஓடி வந்து நடுவில் நின்றார். மக்கள் காவலர் மேல் கை வைத்தவனை யாரும் கொல்லலாம், கேள்வி கிடையாது. சேவகர்கள் பின்வாங்கினார்கள்.

"பேசத் தெரியாதவனா இவன்? இவன் சத்தம் ஊருக்கே தெரியுமே" என்றார் கான்சல். "டேய், ஏன் பதில் சொல்லல?"

அப்போதுதான் சால்வியுஸ் வாயைத் திறந்தான். ஆற்றில் பரிசல் ஓட்டுபவன்கூடத் திரும்பிப் பார்த்திருப்பான்.

"இன்னைக்குப் பதில் சொல்ற நாள் இல்லீங்க, ஐயா."

"யாருடா சொன்னது?"

சால்வியுஸ் கான்சலைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த கமேரியுஸைப் பார்த்தான்.

"எங்களுக்குத் தெரியும்."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு திடல் முழுக்கச் சிரித்தது. கான்சல் இரண்டாவது பெயரை வாசித்தார், மூன்றாவதை வாசித்தார், சிரிப்பில் அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. ஒருவனும் பதில் சொல்லவில்லை. உச்சிவெயில் வருவதற்குள் செங்கொடியை இறக்கிவிட்டார்கள்.

கிழிந்த சட்டையோடு வீட்டுக்கு வந்தவனுக்கு வெத்தியா கஞ்சி ஊற்றினாள். வேலிக்கு அந்தப் பக்கம் பூசியோவின் ஆட்கள் அத்திமரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கோடாலிச் சத்தம் ஒவ்வொன்றாக வந்தது. சால்வியுஸுக்கு அழுகை முட்டியது, அழவும் செய்தான்.

அவள் அவன் முதுகைத் தடவினாள். "நாளைக்கும் கொடி ஏத்துவாங்களா?"

"ஏத்துவாங்க."

"அப்ப நாளைக்கும் நாள் இல்லைன்னு சொல்லிடு" என்றாள். பிறகு அவன் நேற்று வைத்திருந்த பழத்தை எடுத்து வந்து, விதைகளை வழித்து ஒரு சட்டியில் மண்ணுக்குள் போட்டாள்.