நாலு பக்கச் சண்டை

நல்ல ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நான் மும்பை மாட்டுங்காவில் திரைக்கதை வகுப்பில் சேர்ந்தது தெரிந்த நாளிலிருந்து வாப்பா என்னிடம் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், எனக்கும் வீம்பு உண்டு. அன்று விடியற்காலையில் நாங்கள் போட்ட சண்டையையே கதையாக எழுதினேன். வகுப்பு முடிவில் ஒரே ஒரு கதையைத்தான் குறும்படமாக எடுப்பார்கள். அது என்னுடையதாக இருந்தே ஆக வேண்டும்.

வகுப்பெடுக்கும் ஷ்யாமளா மேடம் படித்துப் பார்த்தார்.

"ஜுவைரியா, நாலு பக்கமும் அப்பாவும் பொண்ணும் பேசிண்டே இருக்கா. கண்ணை மூடிண்டு கேட்டாலே போறும், இதுக்குக் கேமரா எதுக்கு? அடுத்த வாரம் மாத்தி எழுதிண்டு வா."

வயிற்றெரிச்சலோடு தாராவிக்குத் திரும்பினேன். ஒவ்வொரு வசனமும் நான் அழுது எழுதியது. தங்கை ஆஸியாவிடம் நியாயம் கேட்டு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"காலங்காத்தால இம்புட்டு நேரம் யாரு ராத்தா சண்ட போடுதா? பைப்புல தண்ணி போயிரும்லா."

கோபம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. எங்கள் சந்தில் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். வீட்டில் என்ன ரகளை நடந்தாலும் தண்ணீர் வந்ததும் வரிசை கட்டிவிடுவோம். உம்மா குழாயடியில், வாப்பா வாசலில், நான் உள்ளே, ஆஸியா டிரம் பக்கத்தில். குடம் கைமாறும். வாப்பா பேச்சை நிறுத்திய மறுநாளும் கைமாறியது. தினமும் நடப்பதெல்லாம் கதையா என்று அதை எழுதாமல் விட்டிருந்தேன், மடச்சி.

நாலு பக்கத்தையும் அடித்துப் போட்டேன். மனசு வலித்தது, ஆனாலும் அடித்தேன். புதிதாக ஒரு பக்கம் எழுதினேன். மகள் முகத்தைப் பார்க்காத அப்பா நிறைகுடத்தை நீட்டுகிறார். அவள் பிடி இறுகும்வரை தன் கையை எடுக்கவில்லை. வசனமே கிடையாது. வாப்பா தினமும் அப்படித்தான் தருகிறார் என்பது எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது. அழுகை வந்தது.

மேடம் இரண்டு தடவை படித்துவிட்டு என் கதையையே எடுப்பதாகச் சொன்னார். ஆனால் எங்கள் வீட்டில்தான் எடுக்க வேண்டுமாம். அதற்கு வாப்பா சம்மதிக்க வேண்டுமே.

மறுநாள் தண்ணீர் வரிசையில் குடத்தை வாங்கிக்கொண்டே சொன்னேன்.

"வாப்பா, என் கதையத்தான் எடுக்கப் போறாவ. ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுல ஷூட்டிங் வைக்கணும். நீங்க சரின்னாத்தான் உண்டு."

வாப்பா அடுத்த குடத்தை நீட்டினார். நானும் விடுவதாக இல்லை, ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு தடவை கேட்டேன். டிரம் நிரம்பியது. வாப்பா தோல்பை தைக்கும் கார்கானாவுக்கு வேலைக்குக் கிளம்பி, செருப்பை மாட்டினார்.

"தண்ணி வெள்ளனயே வந்துரும். கேமராக்காரங்கள முந்தியே வரச் சொல்லு" என்றார்.