லாமண்ட் வீட்டு மருமகள்

வால்டர் லாமண்ட் பேசின் பிரிட்ஜில் ரயில் எஞ்சின் ஓட்டியவர். ராயபுரத்து மீனவர் வீட்டுப் பெண்ணான ஹில்டாவை அவர் கட்டிக்கொண்டதும், ஆங்கிலோ இந்தியர்களான அவருடைய வீட்டார் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். போகிறோம் என்றுகூட ஒருவரும் வந்து சொல்லவில்லை.

வால்டருக்கு மிஞ்சிய சொந்தம், பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருந்த முப்பாட்டனார் டங்கன்தான். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளன்று அந்தக் கல்லைத் தேய்த்துக் கழுவி, எழுத்துகளுக்குக் கறுப்பு மை தீட்டுவார். அவர் இறந்த பிறகும் ஹில்டா அதை விடவில்லை. "அவங்க வேற சபை. உனக்கு இன்னாத்துக்கு?" என்று மாதா கோயில் பெண்கள் கேட்டால், "எங்க வூட்டுக்காரரு செஞ்சாரு, நானும் செய்றேன்" என்பாள்.

அறுபத்தேழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெரு எத்திராஜ் ஒரு வெள்ளைக்காரரை அழைத்துவந்தான். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கட்ட வந்திருந்த அமெரிக்க எஞ்சினீயர். எத்திராஜ் அவருக்குக் கார் ஓட்டினான்.

"அக்கா, இவரு பேரும் லாமண்டுதான். இவரோட முன்னோரு ஆர்ச்சிபால்டுன்னு ஒருத்தரு ஸ்காட்லாந்துலேர்ந்து அமெரிக்காவுக்குப் போனவராம். ஆனா அங்க எந்த ஊருன்னு தெரியாம இவரு தேடிக்கினே கீறாரு. அந்த முன்னோருகூடப் பொறந்த தம்பி ஒருத்தரு மெட்ராஸ் பட்டாளத்துக்கு வந்தாராம். நான்தான் உன்னைப் பத்திச் சொன்னேன்."

ஹில்டா யோசிக்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு, இருவரையும் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள்.

அமெரிக்கர் கல்லின் முன் மண்டியிட்டு மெல்ல வாசித்தார். டங்கன் லாமண்ட். ஸ்காட்லாந்தின் கில்ஃபினன் ஊரில் பிறந்தவர். அமெரிக்காவின் கரோலினாவுக்குச் சென்ற ஆர்ச்சிபால்டின் தம்பி. கில்ஃபினன் என்ற எழுத்துகளை விரலால் தடவினார். அந்த ஊர்ப் பெயரைத் தேடித் தேடிக் கிடைக்காமலே அவருடைய அப்பா கண்ணை மூடியிருந்தார். அமெரிக்கர் எழுந்து ஹில்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"இன்னாடா சொல்றாரு?"

"நீ இல்லன்னா இந்த எழுத்து எப்பவோ அழிஞ்சி போயிருக்குமாம். சுத்தி கீற கல்லையெல்லாம் பாரு, மொட்டையா கீது."

"அது இருக்கட்டும். இவரு எனக்கு இன்னா முறை?"

எத்திராஜ் தலையைச் சொறிந்தான். "அண்ணன் தம்பி வம்சம். மாமாவுக்குப் பங்காளி. அப்ப உனக்குக் கொழுந்தன்!"

"அப்ப வூட்டுக்கு வந்து சாப்டுட்டுத்தான் போவணும்னு சொல்லு."

வஞ்சிர மீன் குழம்பின் காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவர் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஹில்டா அடுப்பங்கரைக்குள் போய் நின்று அழுதாள். கல்யாணமான நாளாக, வால்டர் வீட்டு மனிதர் ஒருவர் அவள் வீட்டில் கை நனைத்தது அதுதான் முதல் தடவை.

மறு வருஷம் விடுமுறையில் அமெரிக்கர் கில்ஃபினனுக்குப் போய்த் திரும்பினார். இந்த முறை மனைவியும் கூட வந்திருந்தாள். அங்கே இன்னும் லாமண்டுகள் இருக்கிறார்களாம். அவர்களோடு உட்கார்ந்து எழுதிய வம்ச மரத்தை ஹில்டா வீட்டுப் பாயில் விரித்தார். ஒரு கிளை அமெரிக்கா, இன்னொன்று மெட்ராஸ். அதன் நுனியில் வால்டர். பக்கத்தில் இருந்ததை ஹில்டா எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் பெயர்.

"என்னையும் சேத்துக்கினாங்களா?" என்றாள்.

"பின்னே? நீ அந்த வூட்டு மருமக இல்லியா?" என்றான் எத்திராஜ்.

அடுத்த ஞாயிறு ஹில்டா பங்குக் கோயிலில் நன்றிப் பூசை வைத்தாள். பங்குச் சாமியார் பீடத்திலிருந்து லாமண்ட் குடும்பத்தாருக்காக என்று வாசித்தபோது, முன்வரிசையில் கொழுந்தனும் ஓரகத்தியும் இருபுறமும் நிற்க, அவள் தலை நிமிர்ந்து நின்றாள்.