அஞ்சுமடங்கு

மனிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அஞ்சுமடங்குதான். தீயணைப்புக் குழாய்களைக் கூரைக் கான்கிரீட்டிலிருந்து தொங்கவிடும் ஃபிட்டர்களுக்கு அவர் மேஸ்திரி. அப்படித் தொங்கவிடும் ஒவ்வொரு தாங்கியும் தண்ணீர் நிறைந்த குழாயின் எடையைப்போல் அஞ்சு மடங்கு தாங்க வேண்டும், அதற்கு மேல் நூற்றுப் பதினைந்து கிலோவும் தாங்க வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் படித்துவிட்டு மறந்துபோவார்கள். இவர் டீ குடிக்கும்போதும் இதையே சொல்லிக் கழுத்தை அறுப்பார். அந்த நூற்றுப் பதினைந்து எதற்கு என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுத் தொலைத்தால், "ஏணி வழுக்கி ஒருத்தன் பைப்பைப் பிடிச்சுத் தொங்கினா? உன் மாமனாரா வந்து தாங்குவாரு?" என்பார்.

கட்டிக்கொண்டிருந்தது நடக்க முடியாத முதியவர்களுக்கான இல்லம். மாடிக்கு நாற்பது கட்டில். தீப்பிடித்தால் எழுந்து ஓடக்கூடியவர் ஒருவர்கூட இருக்கப்போவதில்லை. அதனால்தான் ஒப்பந்தக்காரர் மெல்லிசுக் குழாயைக் கொண்டுவந்து இறக்கியபோது, அஞ்சுமடங்கு லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். வெளியே பார்க்க இரண்டு குழாயும் ஒன்றுதான். சுவரின் கனம்தான் வேறு. இங்கே நுனியில் மரை வெட்டித்தான் குழாயை இணைக்கிறார்கள். மெல்லிசில் மரை வெட்டினால் மிஞ்சுவது தகரம். ஐந்து நாள் தொண்டை கட்டும்வரை கத்தி, லாரியைத் திருப்பி அனுப்பி, கனத்த குழாயை வரவழைத்தார். நியாயம் அவர் பக்கம்தான், அதில் சந்தேகமே இல்லை.

இன்று காலை சாரத்தில் ஏறியவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஃபால்ஸ் சீலிங் சட்டத்தைத் தாங்கும் கம்பிகள் கான்கிரீட்டிலிருந்து வரவில்லை. அவருடைய சிவப்புக் குழாயைச் சுற்றி, வரிசையாக, முறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. கட்டியவன் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தம்பி. எட்டு வருஷம் யார் யாருக்கோ ஏணி தூக்கியவன் முதன்முதலாகத் தன் பெயரில் எடுத்த வேலை இது. இன்று மாலைக்குள் இந்த மாடியை ஒப்படைத்தால் மேலே மூன்று மாடியும் அவனுக்கு. இல்லாவிட்டால் பழையபடி ஏணிதான். அண்ணனுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் கத்தினார்.

"யாரைக் கேட்டுடா என் பைப்புல கட்டின?"

"கான்கிரீட்ல ஓட்டை போட நேரமில்லண்ணே." தம்பி சாரத்தில் பாதி ஏறி நின்றான். "நீ போட்டதுதானே, யானையே தொங்கலாமேன்னு…"

"யானை வேணா தொங்கட்டும். உன் சீலிங் தொங்கக் கூடாது. இது தண்ணிக்குப் போட்டது. அறிவிருக்கா உனக்கு?"

"சரி, தாங்குமா தாங்காதா? அதைச் சொல்லு. சாயங்காலம் நான் ஒப்படைக்கணும்."

"தாங்குறதுல என்னடா சந்தேகம்? என்னையே தாங்கும், பாரு."

கோபத்தில் மனிதர் தாங்கிக்குப் பக்கத்தில் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக் காலைத் தூக்கினார். மேலே கரகரவென்று ஒரு சத்தம். தாங்கியின் ராடு, கான்கிரீட்டுக்குள் அடித்திருந்த ஆங்கரோடு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அவர் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார், தலையெல்லாம் சிமெண்டுத் தூள். குழாய் நாலு விரல் தொய்ந்து, பக்கத்துத் தாங்கிகளின் புண்ணியத்தில் நின்றது. சீலிங் பலகை ஒன்று கீழே விழுந்து உடைந்தது.

ஆங்கரைச் சுற்றி ஒரு தகரத் துண்டு இருந்தது. பார்த்ததுமே அவருக்கு நினைவு வந்தது. இந்த ஓட்டையைப் போட்ட அன்று, துளை போடும் பன்னிரண்டு எம்எம் பிட் உடைந்துபோயிருந்தது. கையில் இருந்தது பதினாலு. லாரிச் சண்டையில் போன ஐந்து நாளைச் சொல்லிச் சொல்லியே ஒப்பந்தக்காரர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். பெரிதாகிப்போன ஓட்டையில் ஆங்கர் ஆடியது. தகரம் சுற்றி அடித்து இறக்கினார். குழாய் காலியாக இருந்ததால் நின்றது. மறுநாள் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தார். மறுநாளும் ஒப்பந்தக்காரரோடு சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது.

சத்தம் கேட்டு, கட்டட வேலையை மேற்பார்க்கும் இன்ஜினியரம்மா ஓடிவந்தார். கம்பிகளைப் பார்த்தார், தொங்கும் ராடைப் பார்த்தார். அவருக்கு விசாரணை அத்தோடு முடிந்துவிட்டது.

"பைப்புல கட்டி இழுத்தா பேத்துக்கிட்டு வராம என்ன செய்யும்? சீலிங் வேலையை நிறுத்துங்க. மேல் மாடிக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் சும்மா இருந்தாலே போதும். பழி முழுவதும் தம்பி தலையோடு போயிருக்கும்.

"அவன் கட்டினது தப்பு. அதுக்கு அவனை நான் திட்டிக்கறேன்," என்று கத்தினார் அஞ்சுமடங்கு. இதையும் கத்தித்தான் சொன்னார், வேறு மாதிரிப் பேச அவருக்கு வராது. "இது கழண்டதுக்குக் கம்பி காரணமில்ல. ஓட்டையைப் பெருசாப் போட்டது நான். தண்ணி நிரப்பியிருந்தா கட்டில் மேலயே வந்து விழுந்திருக்கும்."

"இப்படி எத்தனை ஓட்டை?"

அஞ்சுமடங்கு வரிசையாகப் போன தாங்கிகளைப் பார்த்தார். "தெரியல."

"அப்ப ஒவ்வொண்ணாப் பாக்க சீலிங் மொத்தத்தையும் பிரிச்சாகணும்." இன்ஜினியரம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

தம்பி இறங்கிப்போய் உடைந்த பலகையைக் காலால் ஓரம் தள்ளினான். பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்தான். அவன் குரல் உயரவேயில்லை.

"யார் வேலையா இருந்தாலும் ஒருதரம் இழுத்துப் பாத்துட்டுத்தான் நான் கட்டுவேன். உன்னோடதை மட்டும் பாக்கல."

அஞ்சுமடங்கு பலகையிலிருந்து இறங்கினார். சக்கரம் வைத்த சாரத்தை அடுத்த தாங்கிக்கு அவரே தள்ளிக்கொண்டு போனார். ஏறி, ராடைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தார். அதுவும் கையோடு வந்தது.